எண்ணெய் படிந்த இருபத்தேழாம் பக்கம்

அரைமணிக்கு ஒருமுறை யந்திரத்தின் வாயிலிருந்து இருபது மாத்திரைகளை எடுத்துத் தராசிலிட்டு, அவற்றின் சராசரி எடையைத் தாளில் குறிப்பது கனகவல்லியின் பணி. காலை எட்டு மணி தொடங்கி மாலை நான்கு வரையில் பதினேழு முறை. தெலுங்கு நாட்டுத் தலைநகரில், நாச்சாரம் தொழிற்பேட்டையிலுள்ள அந்த மருந்தாலையில் பதினோராண்டுகளாக அவர் இதைச் செய்துவந்தார். தலையை மூடிய வெள்ளைக் குல்லாய், முகத்திரை, கணுக்கால் வரை தொங்கும் அங்கி, இவற்றுக்கிடையே கண்கள் மட்டும் தெரியும் அவ்வறையில் இன்னார் இன்னாரென்று பிரித்தறிவது அரிது. ஆயினும் தாளைப் பார்த்தால், கனகவல்லி பணியிலிருந்த நாள் எதுவென்று எவரும் சொல்லிவிடுவர். அவர் கையில் எண்கள் கோலப் புள்ளிகளைப் போல வரிசை பிறழாமல் நிற்கும்.

லாலாகுடாவின் இரயில்வே குடியிருப்பில் பிறந்து, அதே குடியிருப்பின் அடுத்த வரிசை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர் அவர். தந்தையார் சந்தானம் வைத்தீசுவரன்கோயிலை அடுத்த சிற்றூரிலிருந்து வந்து பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். கணவர் நந்தகுமாருக்கும் அதே பட்டறையில்தான் வேலை. குலதெய்வம் வைத்தியநாதன். பிணி தீர்ப்பதையே திருத்தொழிலாகக் கொண்ட அப்பெருமான் சந்நிதியில், திருநீறும் மண்ணும் கூட்டிப் பிடித்த சாந்துருண்டையை, உண்ணும் மருந்தாகவே, பிரசாதமாகத் தருவார்கள். ஆண்டுக்கொருமுறை ஊர் சென்று மீளும் தந்தையார் அதில் ஒரு பொட்டலம் கொண்டுவருவார். ஆதலால் மாத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்பதென்பது கனகவல்லிக்குப் பள்ளிக்குப் போகுமுன்பே படிந்த பழக்கம்.

குடியிருப்பின் முருகன் கோயிலில் ஞாயிறுதோறும் கூட்டுப் பாராயணம் உண்டு. அதற்குப் பதிகங்களைப் படியெடுத்துத் தருபவர் கனகவல்லியே. தந்தையார் விட்டுச்சென்ற நோட்டின் தாள்கள் பழுப்பேறி நொறுங்கத் தொடங்கவே, அவற்றைப் புதிய நோட்டில் ஒவ்வொன்றாக ஏற்றிவந்தார். அந்த வேலைக்கு அவர் இரண்டு நெறிகளை வைத்திருந்தார். மூலத்தில் உள்ளது உள்ளபடியே படியிலும் இருக்கவேண்டும். ஓர் எழுத்தும் கூடலாகாது, குறையலாகாது. படியெடுத்தபின் பழைய தாளைக் கிழிக்கலாகாது, குப்பையில் இடலாகாது. சரஸ்வதி படத்தின் பின்னே செருகிவைத்து, பூஜை கழிந்த மறுநாள் ஓடும் நீரில் விடவேண்டும்.

முதல் நெறியை அவர் எவ்வளவு தூரம் கொண்டுசென்றார் என்பதற்கு மகள் ராஜியே சாட்சி. மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைபார்த்த அப்பெண், ஒருநாள் தாயின் தோள்வழியே எட்டிப் பார்த்தாள். பழைய நோட்டில் சந்தானம் ஒரு சொல்லைத் தவறாக எழுதிக் கோடிட்டு அடித்து, மேலே சரியான சொல்லை எழுதியிருந்தார். கனகவல்லியும் அந்தத் தவறான சொல்லை எழுதி, அதே போல் கோடிட்டு அடித்து, மேலே சரியான சொல்லை எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏன்ட்டம்மா இதி?" என்று தெலுங்கில் தொடங்கினாள் ராஜி. "தப்பைக் கூடவா காப்பி பண்ணுவாங்க? எங்க ஆபீஸ்ல கண்ட்ரோல் ஜெட் அழுத்தினா தப்பு நடந்ததே யாருக்கும் தெரியாது."

"உங்க ஆபீஸ்ல நடக்கும். உங்க தாத்தா அடிச்ச கோட்டை எடுக்க நான் யாரு?"

"அப்போ தாத்தா காபி கொட்டின இடத்துல நீயும் காபி கொட்டு."

"கறை வேற, எழுத்து வேற. கறை அழுக்குடி. அதை யாராவது ஏத்துவாங்களா?" என்றார் கனகவல்லி.

கறை அழுக்கு என்ற இந்தத் தீர்ப்பே பின்னர் ஆலையையே கலங்க வைத்தது.

இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டு. ஆலைக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. எச்.ஐ.வி. தொற்றோடு பிறக்கும் குழந்தைகளுக்கான மாத்திரை அது. அதுவரை அக்குழந்தைகளுக்குக் கிடைத்தது கசப்பான நீர்மருந்து. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டும். மின்சாரமே இல்லாத ஊர்களில் அது எப்படி இயலும்? புதிய மாத்திரையோ ஒரு கரண்டி நீரில் கரைந்துவிடும். ஸ்ட்ராபெரிப் பழத்தின் மணமும் இனிப்பும் உடையது. மருந்தைக் கண்டறிந்தது கடல்கடந்த ஒரு பன்னாட்டு நிறுவனம். ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளுக்கு மட்டும் அதைச் செய்து விற்க இந்த ஆலைக்கு உரிமம் வழங்க அந்நிறுவனம் முன்வந்திருந்தது.

ஆலையின் தர உறுதிப் பிரிவில் இருந்த நஸ்ரின், திருச்சியிலிருந்து வந்து ஹப்சிகுடாவில் தங்கியிருந்த இளம்பெண். உணவுக்கூடத்தில் பெண்களெல்லாம் அவளைச் சூழ்ந்துகொண்டு விளக்கம் கேட்டார்கள்.

"கண்டுபிடிச்சது அவங்க. அதனால இத்தனை வருஷத்துக்கு வேற யாரும் செய்யக்கூடாதுன்னு சட்டம். முன்னாடி இந்த மாதிரி மருந்துக்கெல்லாம் அவங்க வெச்ச விலையைக் கேட்டா தலை சுத்தும். உலகம் பூரா சண்டை போட்டாங்க, ஊர்வலம் போனாங்க. அப்புறம்தான் இந்தக் கதவு திறந்துச்சு" என்றாள் நஸ்ரின்.

"அவங்களே செஞ்சு கம்மி விலைக்குக் குடுக்கலாமே?" என்று கேட்டாள் பகவதி என்ற தோழி.

"அங்க செஞ்சா அந்த விலைக்குக் கட்டாதுக்கா."

"நாம செஞ்சா கட்டுமா?"

"நீங்க வாங்கற சம்பளத்துக்குத் தாராளமாக் கட்டும்!"

கூடமே குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் கனகவல்லி கேட்டார்: "அனுமதி கிடைக்கலன்னா?"

நஸ்ரின் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தபடியே விடை சொன்னாள். பழைய மாத்திரைகளுக்கான ஒப்பந்தம் முடிந்துவிட்டது. மூன்று சோதனைத் தொகுதி மாத்திரைகளையும் அவற்றின் தாள்களையும் அந்நிறுவனத்தின் தணிக்கையாளர் வந்து பார்ப்பார். அவர் இசைந்தால் ஐந்தாண்டுகளுக்கு வேலை. இசையாவிட்டால் அந்தப் பிரிவை மூடிவிடுவார்கள். முப்பத்திரண்டு பெண்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

மூன்றாம் தொகுதி ஆகஸ்டு மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் ஓடியது. தயாரிப்புப் பதிவேட்டின் இருபத்தேழாம் பக்கம் கனகவல்லியுடையது. பதினொன்றரை மணி அளவில் இருநூற்று நான்கு மில்லிகிராம் என்பதை, நான்கும் பூச்சியமும் இடம் மாற, இருநூற்று நாற்பது என்று எழுதிவிட்டார். உடனே ஒற்றைக் கோடிட்டு அடித்து, சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் நேரமும் இட்டார். விதி அதுதான். பத்து நிமிடம் கழித்து யந்திரம் ஒருமுறை முனகிவிட்டு நின்றது.

ஃபிட்டர் அப்துல் ரஹீம் பெட்டியோடு வந்தார். லாலாகுடாவுக்கு அருகில் தமிழர்களோடு வளர்ந்தவர். அவர் பேசும் தமிழில் தக்காணி பாதி. இடது கைப் பெருவிரலில், முன்னொருகால் ஸ்பானர் வழுக்கி வெட்டிய வடு குறுக்காக ஓடும். பன்னிரண்டு நிமிடத்தில் யந்திரத்தை ஓட்டிவிட்டு, எண்ணெய் ஊறிய கையுறையைக் கழற்றி, பழுது நீக்கியதற்கான கட்டத்தில் கையொப்பமிட்டார். தாள் நகராதிருக்க இடது பெருவிரலால் அழுத்திக்கொண்டார். விரலை எடுத்ததும், எண்ணெயில் தோய்ந்த ஒரு முத்திரை தாளின் நடுவே பளபளத்தது.

"பாய்! என்ன காரியம் பண்ணீங்க!" என்று கூவினார் கனகவல்லி.

"கைக்கூ, ஏன் கோபம் கனகம்மா? மெஷின் ஓடுதா இல்லியா, அதைப் பாருங்க."

"மெஷின் ஓடும். வெள்ளைக்காரங்க கைக்குப் போற தாளு இது. கல்யாணப் பத்திரிகையில கரியைப் பூசின மாதிரி பண்ணிட்டீங்களே."

"ஹவ், பூசிட்டேன். இப்ப என்ன பண்றது? விரலை வெட்டவா?"

"கையைக் கழுவிட்டு நாலரை மணிக்கு வாங்க. புதுத் தாள்ல எழுதி வெக்கறேன். மறுபடி சைன் போடுங்க."

"நக்கோ அம்மா, ஒரு தடவை போட்டது போதும்."

"பாய்."

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று ரஹீமை அடக்கியது. "சரி, சோப்புப் போட்டே வர்றேன்" என்று சொல்லிப் போனார்.

அந்நாளில் வெற்றுத் தாள்கள் அலமாரியில் கட்டாகக் கிடக்கும், யாரும் எடுக்கலாம். பணி முடிந்தபின் கனகவல்லி ஒரு தாளை எடுத்துவைத்து, பதிகம் எழுதும் அதே ஒருமையோடு, ஒரே பேனாவால், அரைமணி நேரத்தில் பக்கத்தை எழுதி முடித்தார். ரஹீம் இரு கைகளையும் விரித்துக் காட்டிச் சோதனைக்கு உட்பட்டபின் கையொப்பமிட்டார். பக்கம் முத்து கோத்தாற்போல் விளங்கியது. கறைபட்ட பழைய தாளை என்ன செய்வது? உடை மாற்றும் அறையின் வெளிப்புறச் சுவரில், ஆயுத பூஜைக்காக மாட்டிய சரஸ்வதி படம் ஒன்று ஆண்டு முழுதும் இருக்கும். அதன் பின்னே மடித்துச் செருகிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு பேருந்துக்கு விரைந்தார்.

செப்டம்பரில் தணிக்கையாளர் வருமுன் ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. தயாரிப்பு மேலாளர் லக்ஷ்மிநாராயணன் சென்னைக்காரர், நல்லவர், ஆனால் பதற்றம் வந்தால் ஒரே வாக்கியத்தை மும்முறை சொல்வார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில். கேட்டதுக்கு மட்டும். சிரிக்கக்கூடாது, ஓடக்கூடாது, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கக்கூடாது."

"தும்மல் வந்தா சார்?" என்றாள் பகவதி.

"அடக்குங்க."

"அடங்கலன்னா?"

"எழுத்துல குடுங்க!"

வந்தவர் இங்கிரிட் என்ற அம்மையார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நரைத்த குட்டை முடி. முதல் நாளே ஆய்வகத்தாரை அவர் திகைக்கச் செய்தார். மாத்திரை கரையும் நேரத்தைக் காட்ட அவர்கள் விலையுயர்ந்த கருவியை ஆயத்தமாக வைத்திருந்தார்கள். அவரோ உணவுக்கூடத்திலிருந்து ஒரு தேக்கரண்டியும் குழாய் நீரும் கேட்டார். கரண்டியில் நீரூற்றி, மாத்திரையை இட்டு, கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அது முதலில் ஓரத்தில் நெகிழ்ந்து, பின் பொத்தென உடைந்து, இளஞ்சிவப்பாகப் பரவியது. நாற்பது நொடி. இந்த மருந்தைப் பெறப்போகும் தாய்மாரிடம் இருப்பது கரண்டிதான் என்று அவர் சொன்னதாக நஸ்ரின் வந்து சொன்னாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து கண்ட பெண்கள், தாங்கள் பல்லாயிரமாக எடைபார்த்த பொருள் அவ்வாறு மலர்வதை அன்றுதான் முதன்முறை பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாகாது என்ற விதி அங்கே உடைந்தது.

மூன்றாம் நாள் முற்பகல். நஸ்ரின் மூச்சிரைக்க வந்தாள். "கனகாக்கா, அங்கியைக் கழட்டிட்டு வாங்க. உங்களைக் கேக்கறாங்க."

அவர்கள் நடைகூடத்தில் திரும்புமுன் லக்ஷ்மிநாராயணன் எதிர்ப்பட்டார். முகம் வெளுத்திருந்தது. "இருபத்தேழாம் பக்கம். மத்த பக்கமெல்லாம் கசங்கிருக்கு, மை மாறியிருக்கு. இது மட்டும் அச்சடிச்ச மாதிரி இருக்கு. அப்புறமா உக்கார்ந்து எழுதினதுன்னு சந்தேகப்படறாங்க. மறுபடி எழுதினது வெளியில தெரிஞ்சா மொத்தமும் போச்சு. எப்பவும் இப்படித்தான் எழுதுவேன்னு சொல்லிடுங்க. உங்க எழுத்தே அப்படித்தானே? அவங்களுக்குத் தமிழ் தெரியாது. நஸ்ரின் பார்த்துப்பா."

"நான் என்ன சார் பார்த்துக்கறது?" என்றாள் நஸ்ரின்.

மேலாளர் அறையின் கதவைத் தள்ளித் திறந்தார். கனகவல்லிக்கு அப்போது முழுதாக ஒன்றும் விளங்கவில்லை. அழகாக எழுதியது எங்ஙனம் குற்றமாகும்?

அறையில் இங்கிரிட் அம்மையார் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பக்கத்தைத் திருப்பி வைத்தார். ஏதோ கேட்டார்.

"இந்தப் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு அழகா இருக்குன்னு கேக்கறாங்க" என்றாள் நஸ்ரின்.

பதினோராண்டுப் பணியில் தம் எழுத்தை அழகென்று ஒருவர் சொன்னது அதுவே முதல் முறை. கனகவல்லியின் முகம் மலர்ந்தது. "அப்படியா சொன்னாங்க?"

"பாராட்டலக்கா" என்றாள் நஸ்ரின் மெல்லிய குரலில்.

அந்தச் சொல்லோடு யாவும் விளங்கிவிட்டன. பகவதியும் மற்ற முப்பது பெண்களும் கண்ணாடிக்கப்பால் எடை பார்த்துக்கொண்டிருப்பது நினைவில் எழுந்தது. எப்போதும் இப்படித்தான் எழுதுவேன் என்பது பாதி உண்மையும்கூட. அதைச் சொல்ல ஒரு நொடி போதும். அவர் மேசைமேல் கிடந்த அந்த முத்துக் கோவையைப் பார்த்தார். தாம் எழுதிய தாளின் முன்னே நின்று பொய் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"இது நான் மறுபடி எழுதினதும்மா. முதல்ல எழுதினதுல எண்ணெய்க் கறை பட்டுப்போச்சு. அசிங்கமா இருக்கேன்னு வேற தாள்ல எழுதினேன்."

நஸ்ரின் மொழிபெயர்த்தாள். லக்ஷ்மிநாராயணன் கண்களை மூடிக்கொண்டார். இங்கிரிட் பேனாவைக் கீழே வைத்து, முதல் தாள் எங்கே என்று கேட்டார். கிழித்தெறியப்பட்டது என்ற விடையைத்தான் அறையிலிருந்த எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"சரஸ்வதிகிட்ட இருக்கு" என்றார் கனகவல்லி.

நஸ்ரின் அதையும் அப்படியே மொழிபெயர்த்தாள். இங்கிரிட் தம் கையிலிருந்த பணியாளர் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "அவங்க எந்தப் பிரிவுல வேலை செய்யறாங்கன்னு கேக்கறாங்க" என்றாள் நஸ்ரின்.

"எல்லாப் பிரிவுலயும்தான்" என்று சொல்லிக் கனகவல்லி கதவை நோக்கி நடந்தார்.

ஊர்வலம் போல எல்லோரும் உடை மாற்றும் அறைக்கு வந்து சேர்ந்தார்கள். வழியில் ரஹீமும் சேர்ந்துகொண்டார். காய்ந்த மல்லிகைச் சரம் தொங்கிய படத்தின் பின்னே கையைவிட்டு, மடித்த தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றி, கனகவல்லி அதை நீட்டினார். மடிப்பில் சிறிது குங்குமம் உதிர்ந்திருந்தது. இங்கிரிட் அதை இரு கைகளாலும் பெற்றுக்கொண்டார்.

எல்லோரும் அறைக்குத் திரும்பியதும் ஒப்புநோக்கல் நடந்தது. நஸ்ரின் பழைய தாளை வாய்விட்டுப் படிக்க, இங்கிரிட் புதிய தாளில் விரல் வைத்து வந்தார். எட்டு மணி எடை, எட்டரை மணி எடை. ஒன்றும் மாறவில்லை. பதினொன்றரைக்கு வந்தபோது விரல் நின்றது. பழைய தாளில் இருநூற்று நாற்பது எழுதிக் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. புதிய தாளிலும் இருநூற்று நாற்பது எழுதிக் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதே சுருக்கொப்பம், அதே நேரம்.

புதிதாக எழுதுபவர் தவற்றையும் ஏன் எழுதினார் என்று கேட்டார் இங்கிரிட்.

"இருந்ததை இருந்தபடிதானே எழுதணும்? மாத்தினா அது வேற ஏடாயிடும்" என்றார் கனகவல்லி. இதைவிட எளிதான கேள்வியை அவர் எதிர்கொண்டதில்லை.

இங்கிரிட் அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தவறு செய்தவர்கள் தாளை மாற்றி எழுதுவதை இருபது ஆண்டுகளாகக் கண்டிருக்கிறார். அடித்தலையும் பக்தியோடு படியெடுத்த ஒருவரை இன்றுதான் காண்கிறார் என்று நஸ்ரின் வழியே சொன்னார். பின்னர் எண்ணெய் முத்திரையைச் சுட்டிக்காட்டினார். வெளிச்சத்தில் பிடித்தபோது, அதன் நடுவே வடுவின் கோடு குறுக்காகத் தெளிவுறத் தெரிந்தது.

ரஹீம் தயங்காமல் இடது பெருவிரலை உயர்த்தினார். "ஹவ் மேடம், என் அங்கூட்டாதான். கழுவச் சொன்னது கனகம்மா. நான் அப்பவே நக்கோன்னேன்."

"இப்ப எல்லார் முன்னாடியும் சொல்லணுமா பாய்?"

"சொல்லணும். சோப்பு என் காசு."

நஸ்ரின் மொழிபெயர்க்க, இங்கிரிட் அம்மையாரே சிரித்துவிட்டார். சிரிப்பு ஓய்ந்தபின் அவர் பேசியதை நஸ்ரின் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "இந்தத் தாள்ல இருக்கறதிலேயே உறுதியான சாட்சி இந்தக் கறைதானாம். மெஷின் நின்னது, இவர் வந்தது, கையோட சைன் போட்டது, எல்லாம் இதுல இருக்காம். நீங்க அதைத்தான் எடுத்துட்டீங்களாம். ஆப்பிரிக்காவுல, மலாவியில ஒரு நர்ஸ் இந்த மாத்திரையைக் குழந்தைக்குக் கரைச்சுக் குடுக்கறப்போ, அவங்க நம்ம ஆலையைப் பார்த்ததில்ல, உங்களையும் பார்த்ததில்ல. நம்பறதுக்கு இந்தத் தாள் ஒண்ணுதான் இருக்காம். அதனால அழகு வேண்டாம், அந்த நேரத்துல எழுதினதே வேணுமாம்."

கனகவல்லி எண்ணெய்க் கறையை மறுபடி பார்த்தார். கறை அழுக்கு என்று எண்ணியிருந்த நெஞ்சில் அச்சொற்கள் மெல்ல இறங்கின. பிறகு, யாரும் கேட்காமலே, "இதுக்கு முன்னாடியும் மூணு தடவை இப்படிப் பண்ணிருக்கேன்" என்றார். "இந்த மருந்துக்கு இல்ல, பழைய மாத்திரைங்களுக்கு. அந்தத் தாளெல்லாம் தண்ணியில விட்டாச்சு."

லக்ஷ்மிநாராயணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இங்கிரிட் பேனாவை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். அடுத்த இரண்டு நாளும் கனகவல்லி எழுதிய பக்கங்களை மட்டும் வரவழைத்து ஒன்றுவிடாமல் பார்த்தார். முடிவைச் சொல்லாமலே விமானம் ஏறினார்.

பதினொரு நாட்கள் கடந்தன. வீட்டில் கனகவல்லி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"அந்த மூணையும் சொல்லாம இருந்திருக்கலாமே? அவங்க கேக்கவே இல்லையே" என்றார் நந்தகுமார்.

"கேட்டாத்தான் சொல்லணும்னா, அதுக்காக அந்தம்மா மறுபடி கடல் தாண்டி வரணுமா?"

ராஜி மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். "மம்மி, எங்க ஆபீஸ்லயும் ஒண்ணு இருக்கு. கண்ட்ரோல் ஜெட் அடிச்சாலும் யாரு எப்ப அடிச்சாங்கன்னு சர்வர்ல பதிவாயிடும். நேத்துதான் தெரிஞ்சுது. நானே மாட்டிக்கிட்டேன்."

அன்று மூவரும் சேர்ந்து சிரித்ததில் பக்கத்து வீட்டார் வந்து என்னவென்று கேட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை, பெண்கள் அங்கி மாற்றிக்கொண்டிருக்கையில் லக்ஷ்மிநாராயணன் ஓடி வந்தார். ஓடக்கூடாது என்று விதித்தவர் அவரே. "குடுத்துட்டாங்க! குடுத்துட்டாங்க! குடுத்துட்டாங்க!" என்று, தம் வழக்கப்படி மும்முறை சொன்னார்.

பகவதி வாய்விட்டுத் தும்மினாள். ஒருத்தி இன்னொருத்தியைத் தூக்கிச் சுற்றினாள். நஸ்ரின் கடிதத்தை வரிவரியாகப் படித்தாள். உரிமம் ஐந்தாண்டுகளுக்கு. ஒரு குறை பதிவாகியிருந்தது: தாளை மறுபடி எழுதும் வழக்கம். வெற்றுத் தாள்கள் இனிப் பூட்டில் இருக்கவேண்டும். ஒவ்வொன்றும் எண்ணிட்டே தரப்படவேண்டும். கறையோ கிழிசலோ எதுவாயினும் முதல் தாளே பதிவேட்டில் நிற்கவேண்டும். இதைப் பிற தொழிலாளருக்கு எடுத்துரைக்கும் பொறுப்பை, இருபத்தேழாம் பக்கத்தை எழுதியவரிடமே ஒப்படைக்கவேண்டும்.

"எனக்கா?" என்றார் கனகவல்லி.

"தப்பு பண்ணினவங்களுக்குத்தான் முழுசாத் தெரியுமாம்" என்றாள் நஸ்ரின்.

அவ்வாண்டு ஆயுத பூஜை அடுத்த வாரமே வந்தது. யந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டி, பொரியும் கடலையும் பரப்பினார்கள். சரஸ்வதி படத்தைக் கழுவித் துடைத்த கனகவல்லி, அதன் பின்னே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். நீரில் விடவேண்டிய அத்தாள் இப்போது பதிவேட்டில், புதிய தாளுக்கு முன்னே, கோத்துத் தைக்கப்பட்டிருந்தது.

"அந்தத் தாளை எப்ப குடுப்பீங்க நஸ்ரின்? தண்ணியில விடணுமே."

"பல வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும்க்கா. விதி."

"சரி, அம்பாளுக்கும் அவசரமில்ல" என்றார் கனகவல்லி. தங்கள் ஊர் வைத்தியநாதனின் துணைவி தையல்நாயகி, அப்பெருமானோடு கூடவே தைலப் பாத்திரத்தை ஏந்தி வருபவள் என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. எண்ணெயைக் கண்டு தாம் முகம் சுளித்ததை எண்ணித் தமக்குள் நகைத்துக்கொண்டார்.

பூஜை முடிந்த மூன்றாம் நாள் உரிமத்தின்கீழ் முதல் தொகுதி ஓடத் தொடங்கியது. புதிய விதிப்படி எண்ணிட்ட தாள் ஒன்று பலகைக் கவ்வியில் நின்றது. முதல் எடை, இரண்டாம் எடை, ஒன்பது மணி எடை. ஒன்பதே காலுக்கு யந்திரம் ஒருமுறை இருமியது. ரஹீம் வந்து, குனிந்து, எதையோ முறுக்கி, மறுபடி ஓட்டினார். ஸ்ட்ராபெரியின் மணம் அறையெங்கும் எழ, இளஞ்சிவப்பு மாத்திரைகள் மழைத்தாரை போலத் தட்டில் விழுந்தன.

ரஹீம் தாளுக்கு எதிரே வந்து, எண்ணெய் சொட்டும் இரு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றார். முகத்திரைக்கு மேலே அவர் கண்கள் குறும்பால் சுருங்கின.

"கனகம்மா, கையைக் கழுவிட்டு வரவா, அப்படியே வரவா?"

"அப்படியே வாங்க, பாய்."